மூன்று எண்ணிவிட்டுச் சொல்

மார்ச் 3, திங்கள்

இன்று எங்கள் இல்லத்தில் பதினோரு பேருக்கு முடி போய்விட்டது. காரணம் பேன்.

முதல் பேன் யார் தலையிலிருந்து கிளம்பியது என்று இல்லத்தை நடத்துகிற பெரியம்மா காலையிலிருந்து விசாரணை நடத்தினார். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் வால் என்று நாங்கள் கூப்பிடுகிறவள் எழுந்து, "எந்தப் பேனும் பேர் எழுதி ஒட்டிக்கிட்டு வர்றதில்ல பெரியம்மா" என்றாள். அதிலேயே தெரிந்துவிட்டது.

பத்து வயதுக்குக் கீழே இருக்கும் எல்லாச் சின்னதுகளுக்கும் ஒட்ட வெட்டு. எங்களைப் போன்ற பெரியவர்களுக்கு மருந்து மட்டும். வெட்டி முடித்து வரிசையாக உட்கார வைத்தபோது, பதினோரு கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது. சமையல்கார அக்காவுக்கு யார் யாரென்று தெரியவில்லை. ஒருத்திக்கே மூன்று தடவை முட்டை போட்டுவிட்டாள். அந்த ஒருத்தி யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

வாலுக்கு எட்டு வயது. அந்தப் பெயர் வந்த காரணத்தை எழுதினால் இந்த நோட்டு தீர்ந்துவிடும். நோட்டு புதியது. வெள்ளிக்கிழமைதோறும் வருகிற பேச்சு அக்கா தந்தது. எங்களைப் பேச வைப்பதுதான் அந்த அக்காவுக்கு வேலை. என்னிடம் எட்டு மாதம் முயற்சி செய்துவிட்டு, "வாய் வரலன்னா கை வருதான்னு பாப்போம்" என்று நோட்டைக் கொடுத்துவிட்டாள்.

கை வருகிறது போலிருக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

இன்னொரு பேன். என் தலையில். மருந்து நாறுகிறது.

மார்ச் 6, வியாழன்

தையல் வகுப்பில் இன்று என் சட்டைக் கையையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். சொல்ல வெட்கப்பட்டு அப்படியே மிஷினோடு உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம்! தையல் டீச்சர் "எழுந்திரு, நேரமாச்சு" என்றபோதுதான் தெரிந்தது. எழுந்தால் மிஷினும் வரும்.

இப்படிப்பட்டவள் நான். இங்கே எனக்குப் பெயர் பூனை. நடந்தால் சத்தம் வராது, கூப்பிட்டால் பதில் வராது. "பூனையாச்சும் மியாவ்னு ஒரு வார்த்தை சொல்லும்" என்பாள் சமையல்கார அக்கா.

வயது பதினாறு. படிப்பு ஏழாம் வகுப்பு, அதிலும் பாதி. இங்கே இருக்கிற எல்லோரையும் போலத்தான் நானும். "வா, நல்ல இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று யாரோ கூட்டிப்போனார்கள். வேறு யாரோ கண்டுபிடித்து மீட்டு வந்தார்கள். நடுவில் ஒரு வீட்டில் மூன்று வருடம் பாத்திரம் தேய்த்தேன். வெளிக் கதவுக்கு என்ன நிறம் என்று வெளியே வந்த அன்றுதான் பார்த்தேன். பச்சை. அவ்வளவுதான் கதை. வேறு எழுத இப்போது மனமில்லை.

புதுசு என்று நாங்கள் கூப்பிடும் பிள்ளையைப் பற்றி எழுதலாம். வந்து இரண்டு வாரம் ஆகிறது. வால் உயரம், வால் வயது, இப்போது வால் மாதிரியே தலையும். மற்றபடி வாலுக்கு நேர் எதிர். ஒரு ரயிலில் தனியாக உட்கார்ந்திருந்தாள் என்று போலீஸ்காரம்மா கொண்டுவந்து விட்டார். கூட வந்தவர் டிக்கெட் பரிசோதகரைப் பார்த்ததும் இறங்கிப் போய்விட்டாராம். யார் என்று கேட்டதற்கு, "சித்தப்பா" என்று சொல்லியிருக்கிறாள். இங்கே வந்த பிறகு அதைக்கூடச் சொல்வதில்லை. நானாவது தலையாட்டுவேன். அவள் அதையும் மிச்சம் பிடிக்கிறாள்.

மார்ச் 8, சனி

மழை. வெளியே விட மாட்டேன் என்றார் பெரியம்மா. ஆகவே வால் உள்ளேயே போலீஸ் ஸ்டேஷன் திறந்தாள். தோளில் துண்டு, கையில் தோசைக்கரண்டி மாதிரி ஒரு கரண்டி. அதுதான் லத்தி. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தாள்.

"உன் பேர் என்ன?"

"சொல்ல மாட்டேன்."

"அப்ப உனக்கு ராத்திரி வாழைப்பழம் கட். அடுத்தவங்க!"

என் முறை வந்ததும் நான் அலமாரிக்குப் பின்னால் போய்விட்டேன். "குற்றவாளி தப்பிச்சுட்டா, தானா வருவா, பசிக்கும்" என்று வால் விட்டுவிட்டாள். பிறகு புதுசைக் கூப்பிட்டாள். நாங்கள் எல்லோரும் அவள் பேச மாட்டாள் என்றுதான் நினைத்தோம். ஆனால் கரண்டியைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். முதுகு நேராக.

"எங்கம்மா போற?"

புதுசின் வலது கட்டைவிரல் அவளுடைய மற்ற விரல்களைத் தொட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. பிறகு சொன்னாள்: "சித்தி வீட்டுக்கு."

"கூட யாரு?"

ஒன்று. இரண்டு. மூன்று. "எங்க சித்தப்பா."

"எதுக்குப் போற?"

ஒன்று. இரண்டு. மூன்று. "சித்திக்குக் குழந்தை பொறந்திருக்கு. பாத்துக்கப் போறேன்."

பிள்ளைகள் கைதட்டினார்கள், புதுசு பேசிவிட்டாள் என்று. அலமாரிக்குப் பின்னால் நான் மட்டும் தட்டவில்லை.

ஏனென்றால் என் கட்டைவிரலும் எண்ணிக்கொண்டிருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

என்னைக் கூட்டிப்போனவளை நான் அத்தை என்று கூப்பிட வேண்டும். ரயில் ஏறுவதற்கு முன்னால் இரண்டு நாள் ஒரு அறையில் வைத்துப் பாடம் சொல்லித் தந்தாள். எங்கே போகிறாய்? அக்கா வீட்டுக்கு. எதற்கு? அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. ஒப்பித்தேன். நான் நன்றாக ஒப்பிப்பேன், பள்ளிக்கூடத்தில் அது ஒன்றுதான் எனக்கு வரும். அவள் திட்டினாள். "கேட்ட உடனே சொல்லாதடி, ஒப்பிக்கிற மாதிரி இருக்கு. விரல மூணு எண்ணு, அப்புறம் சொல்லு. யோசிச்சுச் சொல்ற மாதிரி இருக்கணும்."

பாடத்தின் கடைசி வரி: வெளியே சொன்னால் உங்கம்மாவுக்கு ஆகாது.

இந்தப் பாடத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. போலீஸிடம்கூட. பேச்சு அக்காவிடமும்தான். சொன்னால் அம்மாவுக்கு ஆகாது என்று இப்போதும் நம்புகிறேனா? பதினாறு வயதில்? இல்லை. இல்லைதான். ஆனால் வாய் நம்புகிறது.

புதுசுக்கு அதே பாடம். அதே விரல். அப்படியென்றால் அந்தச் சித்தப்பா —

வெள்ளிக்கிழமை பேச்சு அக்கா வந்ததும் சொல்லிவிட வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறது. நல்லவேளை.

மார்ச் 11, செவ்வாய்

நல்லவேளை இல்லை. சித்தப்பா கிடைத்துவிட்டாராம்!

குழந்தைகள் நலக் குழுவில் போய் மனு கொடுத்திருக்கிறார். ரேஷன் கார்டு நகல், முத்திரை குத்திய கடிதம், புதுசு இரட்டைச் சடையோடு நிற்கிற போட்டோ, எல்லாம் இருக்கிறதாம். ரயிலில் இறங்கியது தண்ணீர் பிடிக்கத்தான், அதற்குள் வண்டி போய்விட்டது என்கிறாராம். நாளை இங்கே வந்து பார்க்க அனுமதி. திங்கட்கிழமை குழு கூடி முடிவு செய்யும். முடிவு சரியென்றால் அன்றே கையோடு கூட்டிப்போவார்.

பெரியம்மா இதைச் சமையலறையில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். வாயைத் திறந்தேன்.

"என்ன பூனை, பசிக்குதா?" என்றாள் சமையல்கார அக்கா.

தலையாட்டினேன். ரொட்டி கொடுத்தாள். தின்றேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மார்ச் 12, புதன்

சிரிப்பதா, பயப்படுவதா என்று இன்னும் தெரியவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பத்து மணிக்கு அந்த ஆள் வந்தார். முன்னறையில் பெரியம்மாவின் மேசைக்கு எதிரே உட்கார வைத்தார்கள். "மேல போய்ப் பிள்ளையக் கூட்டிட்டு வா" என்று பெரியம்மா என்னை அனுப்பினார். போனால் புதுசு கட்டிலுக்கடியில். கட்டில் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். நானும் தரையில் படுத்து, "வரலியா?" என்றேன். தலையை ஆட்டினாள். அவளுக்குத் தலையாட்ட வரும் என்று இன்றுதான் தெரியும்.

கீழே போய், வர மாட்டேன் என்கிறாள் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. படியில் பாதி இறங்கினேன். அந்த ஆளின் பளபளப்பான ஷூ தெரிந்தது. அங்கேயே நின்றுவிட்டேன்.

படியில் வால் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். "நீ போய் பெரியம்மாகிட்ட, புதுசு கட்டிலுக்கடியில இருக்கா, வர மாட்டேங்கறான்னு சொல்லிட்டு வா" என்றேன். போனாள். என் கூச்சம் செய்த வேலை இவ்வளவுதான். வேறு ஒரு திட்டமும் இல்லை. சத்தியம்.

வால் முன்னறைக்குள் காலை வைத்தாள். வாயைத் திறப்பதற்குள் அந்த ஆள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"என் ராசாத்தி! என் கண்ணு! எப்படி இளைச்சுப் போயிட்ட! சித்தப்பாவ மறந்துட்டியா?"

பெரியம்மா பாதி எழுந்தார். அந்த ஆளின் தோளுக்கு மேலே வாலின் முகம் தெரிந்தது. படியில் நின்ற என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் ஒரு விளக்கு எரிந்தது. வேண்டாம்டி, வேண்டாம்டி என்று நினைத்தேன். ஆரம்பித்துவிட்டாள்.

"சித்தப்பா! நாய்க்குட்டி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கும்மா. உன்னத்தான் தேடிக்கிட்டே இருக்கு."

"அது செத்துப்போச்சே சித்தப்பா?"

"அது... அதாம்மா... வேற ஒண்ணு வாங்கிட்டோம். அது தேடுது."

"சித்திக்கு உடைஞ்ச கால் கூடிருச்சா?"

"கூடிருச்சு, கூடிருச்சு. ஓடுறா."

பெரியம்மா மெதுவாக மறுபடி உட்கார்ந்தார். ரிஜிஸ்டரைத் திருப்பி அந்த ஆள் பக்கம் வைத்தார். பேனா மூடியைக் கழற்றினார். பெரியம்மா முகத்தில் ஒன்றும் இல்லை. சுவரில்கூட அதைவிட ஏதாவது தெரியும்.

"இந்தப் பிள்ளைதானே? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"என் ரத்தம்மா. எனக்குத் தெரியாதா?"

"பின்ன? ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க. 'பிள்ளையைப் பார்த்தேன், என் அண்ணன் மகள்தான்'னு. முகவரியும் போடுங்க. முழுசா."

எழுதினார். போட்டார். பெரியம்மா மை காய ஊதினார். பிறகு, "உன் பேரச் சொல்லும்மா" என்றார். வால் தன் முழுப்பெயர், அப்பா பெயர், இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பெயர், மூன்றாம் வகுப்பு ஆ பிரிவு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "பேன் எனக்கில்ல" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அந்த ஆள் முகம் போன போக்கை எழுத எனக்கு ஏழாம் வகுப்புப் படிப்பு போதாது. "முடியெல்லாம் வெட்டிட்டீங்க... எல்லாம் ஒரே மாதிரி இருக்கு... பாத்து ரெண்டு வருசமாச்சு..." என்றார். ரயிலில் மூன்று வாரத்துக்கு முன்னால்தானே கூட வந்தார்? அதையும் பெரியம்மா கேட்டார். "திங்கக்கிழமை வக்கீலோட வந்து பேசிக்கறேன்" என்று போய்விட்டார்.

மார்ச் 13, வியாழன்

திட்டு. எனக்கும் வாலுக்கும் சேர்த்து.

"தெரியாத ஆள் முன்னாடி பிள்ளைய அனுப்புவியா? அவன் தூக்கிட்டு ஓடியிருந்தா?"

"கடிச்சிருப்பேன்" என்றாள் வால்.

"நீ வாய மூடு. பூனை, உனக்குத்தான் சொல்றேன். நாலடி நடந்து வந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாதா?"

முடியவில்லையே. தலையைக் குனிந்து நின்றேன். பிறகு பெரியம்மா பொருட்கள் வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்து, "ஓடுறாளாம்... உடைஞ்ச கால்... ஓடுறாளாம்" என்று தனியாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது முகம் மறுபடி சுவர்.

ஆனால் சாயங்காலம் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். முடி வெட்டியதால் குழம்பிவிட்டேன் என்று சொன்னால் குழு நம்பினாலும் நம்பும். காகிதங்கள் சரியாக இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே ரயிலில் போலீஸ் கேட்டபோது பிள்ளையே சித்தப்பா என்று சொல்லியிருக்கிறது. "பிள்ள வாயால வர்றத நான் எப்படி மறுக்கிறது?"

பிள்ளை வாயால் வருவது பிள்ளையுடையது இல்லை. அது இந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியும்.

மார்ச் 14, வெள்ளி

பேச்சு அக்காவிடம் இந்த நோட்டைக் கொடுத்தேன். ஒன்பதாம் தேதியைத் திறந்து கொடுத்துவிட்டு நான் போய் ஜன்னல் திரைக்குள் நின்றுகொண்டேன். படித்தாள்.

"எட்டு மாசமா இத உள்ள வச்சிருந்தியா?" என்றாள்.

திரைக்குள் தலையாட்டினேன். திரை ஆடியிருக்கும்.

பிறகு சொன்னாள்: திங்கட்கிழமை இதைக் குழுவிடம் சொல்ல வேண்டும். "நான் சொன்னா கேள்விப்பட்ட சேதி. நீ சொன்னா நடந்த சேதி. ஆனா உன்னக் கட்டாயப்படுத்த மாட்டேன். வேணாம்னா நோட்டுல அந்தப் பக்கத்த மட்டும் நான் கொண்டுபோறேன். நீ யோசி."

பக்கத்தைக் கொண்டுபோகட்டும். ஆமாம். அதுதான் நல்லது.

திரை விலகியது. புதுசு. வந்து என்னோடு திரைக்குள் நின்றுகொண்டாள். யாரிடமிருந்து ஒளிகிறோம் என்று கேட்கவில்லை. பெரிய மனுஷி மாதிரி இடம் பிடித்து நின்றாள்.

நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

துணி துவைக்கும் கல்லிடம் ஆறு தடவை சொல்லிப் பார்த்தேன். கல் நம்பிவிட்டது. வால் ஒளிந்து கேட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் சத்தமா, கல்லுக்குக் காது கேக்கல" என்றாள்.

மார்ச் 17, திங்கள்

நீளமான மேசை. மூன்று பேர். நடுவில் குழுத் தலைவி, இந்தப் பக்கம் ஒரு டாக்டரம்மா, அந்தப் பக்கம் எழுதிக்கொண்டே இருக்கிற ஒருவர். முதலில் அந்த ஆளையும் வக்கீலையும் விசாரித்து வெளி வராந்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள். பெரியம்மா, பேச்சு அக்கா, நடுவில் புதுசு, ஓரத்தில் நான்.

தலைவி நல்லவர்தான். புதுசுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார். "வெளிய இருக்காரே, அவரு யாரும்மா?"

ஒன்று. இரண்டு. மூன்று. "எங்க சித்தப்பா."

"அவரோட போறியா?"

ஒன்று. இரண்டு. மூன்று. "போறேன்."

எழுதுகிறவர் எழுதிக்கொண்டார். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டார். நான் கையைத் தூக்கினேன். கடைசியாக அப்படித் தூக்கியது ஏழாம் வகுப்பில், ஒன்றுக்குப் போக.

"என்னம்மா, வெளிய போகணுமா?" என்றார் தலைவி.

"இல்ல. கை... அவ கையப் பாருங்க."

என் குரல் எண்ணெய் போடாத கதவு மாதிரி வந்தது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். கல்லிடம் சொன்னது எல்லாம் மறந்துவிட்டது. "மறுபடி கேளுங்க. வாயப் பாக்காதீங்க, கையப் பாருங்க" என்றேன்.

தலைவி கேட்டார். எங்கே போனாய்? ஒன்று, இரண்டு, மூன்று, சித்தி வீட்டுக்கு. எதற்கு? ஒன்று, இரண்டு, மூன்று, சித்திக்குக் குழந்தை. டாக்டரம்மா மேசைக்கு மேலே எட்டிப் பார்த்தார். எழுதுகிறவர் எழுதுவதை நிறுத்தினார்.

நான் புதுசைக் கேட்டேன்: "காலைல வால் உன்ன என்ன பண்ணா?"

"என் பவுடர எடுத்து மூஞ்சி பூரா அப்பிக்கிட்டா" என்றாள் உடனே. கை மடியில் சும்மா கிடந்தது.

தலைவி என்னிடம், "உனக்கு எப்படிம்மா இது தெரியும்?" என்றார்.

என் கட்டைவிரல் எண்ணத் தொடங்கியது. எனக்கே தெரிந்தது. நான் அந்தக் கையைத் தூக்கி மேசைமேல் வைத்தேன், எல்லோரும் பார்க்கும்படி.

"எனக்கும் இதே பாடம்தான். அக்கா வீடு, அக்காவுக்குக் குழந்தை. மூணு எண்ணிச் சொல்லணும். இல்லன்னா அடி. வெளிய சொன்னா அம்மாவுக்கு ஆகாதும்பாங்க."

அப்புறம் வந்துகொண்டே இருந்தது. அந்த அறை, இரண்டு நாள், அத்தை முகம், பச்சைக் கதவு. எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. புதுசு என் சட்டையை இழுத்தபோதுதான் நிறுத்தினேன்.

"ஒப்பிக்கலன்னா அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதா?" என்று கேட்டாள்.

"ஆகாது. எங்கம்மா போன மாசம்கூட வந்தா. நான் துணி மடிக்கிற லட்சணத்தப் பாத்துத் திட்டிட்டுப் போனா. ஒண்ணும் ஆகல. நல்லாத் திட்டுறா."

புதுசு கொஞ்சம் யோசித்தாள். பிறகு தலைவியைப் பார்த்து, "அவரு சித்தப்பா இல்ல. ரயிலுக்கு முன்னாடி நான் அவரப் பாத்ததே இல்ல. எனக்கு அம்மாகிட்ட போகணும்" என்றாள். பிறகு அழுதாள். இங்கே வந்ததிலிருந்து முதல் தடவையாக, நல்ல சத்தமாக, மூக்கெல்லாம் ஒழுக.

அந்த ஆளைக் கூப்பிட ஆள் அனுப்பினார்கள். வராந்தாவில் வக்கீல் மட்டும் இருந்தார். அவரும் அந்த ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

மார்ச் 18, செவ்வாய்

தொண்டை கட்டிவிட்டது. ஒரே நாளில் இவ்வளவு வேலை கொடுத்தால் கட்டாமல் என்ன செய்யும்?

மார்ச் 21, வெள்ளி

போலீஸ்காரம்மா வந்து என்னிடம் இரண்டு மணி நேரம் எழுதி வாங்கினார். பேச்சு அக்கா பக்கத்திலேயே இருந்தாள். அந்த ஆள் ரிஜிஸ்டரில் எழுதிய முகவரி உண்மையானதாம். அவசரத்தில் பொய் முகவரி வரவில்லை போலிருக்கிறது. ஆளைப் பிடித்துவிட்டார்கள். அங்கே இன்னும் இரண்டு பிள்ளைகளின் போட்டோ இருந்ததாம். அவர்களைத் தேடுகிறார்கள். என் அத்தை இன்னும் கிடைக்கவில்லை. அவள் மூக்குக்கு இடப்பக்கம் மரு என்று சொன்னேன். இத்தனை நாள் யாரும் கேட்கவில்லையா என்றார். கேட்டார்கள், நான்தான் சொல்லவில்லை.

ஏப்ரல் 5, சனி

புதுசின் அம்மா கிடைத்துவிட்டாள். கட்டட வேலை செய்கிற ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனிலேயே புகார் கொடுத்துவிட்டு, தினமும் போய்க் கேட்டுக்கொண்டிருந்தாளாம். அந்தப் புகார் ஏதோ ஒரு மேசையில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. போட்டோ, மச்சம், மருத்துவமனைச் சீட்டு எல்லாம் சரிபார்த்து முடித்தார்கள். வியாழக்கிழமை வருகிறாள். இன்று போனில் பேச விட்டார்கள்.

பெரியம்மா அறைக்கு வெளியே உட்கார்ந்து நான் ஒரு பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை. காது அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

முதலில் இரண்டு பக்கமும் அழுகை. பிறகு புதுசு ஆரம்பித்தாள். முடியை வெட்டிவிட்டார்கள். வால் என்று ஒருத்தி பவுடரைத் தின்கிறாள். (பொய். அப்பிக்கொள்வாள், தின்ன மாட்டாள்.) முட்டை நன்றாக இருக்கும். கொசு உண்டு. நிறுத்தவே இல்லை. அந்தப் பக்கம் அம்மாவுக்கு "ம்" சொல்லக்கூட இடம் கொடுக்கவில்லை.

"அப்புறம் இங்க ஒரு பெரிய அக்கா இருக்கும்மா" என்றாள். "அய்யோ, அது வாயே மூடாது. எப்பப் பாரு பேசிக்கிட்டே இருக்கும். தலையே வலிக்குது."

யாரைச் சொல்கிறாள் என்று சுற்றிப் பார்த்தேன். வெளியே நான் மட்டும்தான் இருந்தேன்.